எல்லாம் தெரிந்த சொற்கள்தான், கடிதம் மட்டும் புரியவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு சிறிய மென்பொருள் பராமரிப்புக் குழுவில் நடந்தது. வாடிக்கையாளர் ஒரே நிறுவனம்தான், ஆனால் அவர்களுடைய திட்டப் பொறுப்பாளர் பிரிட்டனில் இருந்தார், மென்பொருளின் பழைய பகுதிகளை எழுதிய பொறியாளர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் தமிழர்கள். அந்தப் பக்கத்தோடு கடிதப் போக்குவரத்து முழுக்க ஒருவர் கையில் இருந்தது, அவரை இங்கே ஒருங்கிணைப்பாளர் என்றே சொல்கிறேன். குழுவின் வேலைக்கு மேற்பார்வை என் பொறுப்பு. இதை எழுத அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவருடைய ஆங்கிலத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல ஆங்கிலம். பிழையில்லாமல் எழுதுவார், ஒப்பந்தங்களில் வரும் 'இண்டெம்னிட்டி', 'கன்டிஞ்சன்சி', 'அமார்டைசேஷன்' போன்ற சொற்களில் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போய் நிற்பார்கள். அப்படிப்பட்டவருக்கு நடந்ததால்தான் இதைப் பதிவு செய்கிறேன். ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட்டுப் போகக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

முதல் அறிகுறிகள்

முதலாவது சின்ன விஷயம். ஒரு கூடுதல் வசதிக்கு 'பால்பார்க் ஃபிகர்' கொடுக்க முடியுமா என்று பொறுப்பாளர் கேட்டிருந்தார். அவர்களுடைய பட்ஜெட் கூட்டத்துக்கு உத்தேசமாக ஒரு தொகை வேண்டும், அவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளர் அதை ஏதோ முறையான மதிப்பீடு என்று எடுத்துக்கொண்டு, வேலையை வரிவரியாகப் பிரித்து, கடைசி இலக்கம் வரை கணக்குப் போட்டு அனுப்பினார். அதற்குள் பட்ஜெட் கூட்டம் முடிந்துவிட்டது. அதைவிடக் கெடுதல் அப்புறம் வந்தது. அத்தனை துல்லியமாக எழுதியிருந்ததால் அந்தத் தொகையை அவர்கள் உறுதிமொழியாகவே எடுத்துக்கொண்டார்கள், பின்னால் வேலை பெருகியபோது தொகையை மாற்றுவது பெரும்பாடாக இருந்தது.

இரண்டாவது நாங்கள் எழுதியதில் வந்த சிக்கல். சில மாற்றங்களைச் செய்து முடித்து, அமெரிக்கப் பொறியாளருக்கு அனுப்பி, இணைப்பில் உள்ள மாற்றங்கள் குறித்து 'கைண்ட்லி ரிவர்ட்' என்று எழுதினோம். இந்திய அலுவலக ஆங்கிலத்தில் 'ரிவர்ட்' என்றால் பதில் சொல்லுங்கள் என்றுதான் நாம் எல்லோரும் எழுதுகிறோம், படிக்கிறோம். அந்தப் பொறியாளருக்கு அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திருப்பு என்பது மட்டும்தான் பொருள். போதாததற்கு நிரல் பதிப்புகளைக் காக்கும் 'கிட்' மென்பொருளில் அதே பெயரில் ஒரு கட்டளையே இருக்கிறது, செய்த மாற்றத்தை நீக்கும் கட்டளை. அவர் கேட்டதைச் செய்துவிட்டு, செய்தாயிற்று என்று ஒரு வரி எழுதினார். மறுநாள் காலையில் எங்கள் ஆட்கள் திறந்து பார்த்தால் செய்த வேலை எதுவும் அங்கே இல்லை. பழைய பதிப்பிலிருந்து மீட்க முடிந்தது, இழப்பு அதிகமில்லை. அதனாலேயே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேதி நகர்ந்தது

மூன்றாவதில்தான் உண்மையான சேதம். புதிய பதிப்பை வெளியிடும் தேதியைக் குறித்து அனுப்பிய பொறுப்பாளர், கடைசி வரியில் 'ப்ளீஸ் புஷ் பேக் இஃப் தி டேட் டஸின்ட் ஒர்க்' என்று எழுதியிருந்தார். தேதி சரிப்படாவிட்டால் தயங்காமல் மறுத்துச் சொல்லுங்கள் என்பது அவர் நினைத்தது. ஒருங்கிணைப்பாளர் படித்தது வேறு: சரிப்படாவிட்டால் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். சரிப்படவில்லை. எனவே திட்ட அட்டவணையில் ஒரு வாரம் தள்ளிப் போட்டார், அனுமதிதான் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே என்று தனியாகக் கடிதம் எழுதவில்லை. அந்தப் பக்கம் பழைய தேதியை நம்பிப் பயனர்களுக்குப் பயிற்சி வகுப்புகளை ஏற்பாடு செய்துவிட்டார்கள். வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொறுப்பாளர் எதேச்சையாக அட்டவணையைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இந்த வாசிப்பு முட்டாள்தனமானதல்ல. 'புஷ் தி டேட் பேக்' என்றால் தேதியைத் தள்ளி வை என்பதேதான் பொருள். 'புஷ் பேக் ஆன் தி டேட்' என்றால் அந்தத் தேதிக்கு ஆட்சேபம் சொல்வது. அந்தக் கடிதத்தில் எதைத் தள்ள, எதன் மேல் ஆட்சேபம் என்று காட்டும் சொல் எதுவும் இல்லை, 'புஷ் பேக்' மொட்டையாக நின்றது. தமிழில் யோசிக்கிற யாருக்கும் 'தள்ளு' என்று கண்ணில் பட்டவுடன் 'தள்ளிப் போடு' தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்திலேயே தேதி என்ற சொல்லும் இருந்தால் சந்தேகம் வர வழியே இல்லை.

வியாழக்கிழமைக் கூட்டம்

நான்காவது நடந்தபோதுதான் இது தனித்தனித் தவறுகள் இல்லை என்று புரிந்தது. பழைய தகவல்களைப் புதிய அமைப்புக்கு மாற்றுவதில் இருந்த ஆபத்துகளை வியாழக்கிழமைக் கூட்டத்தில் 'டேபிள்' செய்ய விரும்புவதாகப் பொறுப்பாளர் எழுதியிருந்தார். குழுவில் இளையவர் ஒருவர் ஒருங்கிணைப்பாளரிடம் வந்து கேட்டார்: "அக்கா, டேட்டா மாத்துறதுல இருக்கிற ரிஸ்க் பத்தி ஸ்லைடு போட்டுடவா?" "வேண்டாம்ப்பா, அதை அவங்களே இப்போதைக்கு ஒத்தி வைக்கிறாங்க."

அவர் ஊகித்துச் சொல்லவில்லை. அமெரிக்கப் பொறியாளர்கள் அதே சொல்லை அதே பொருளில் பலமுறை பயன்படுத்தியதைக் கவனித்து, சரியாகக் கற்று வைத்திருந்தார். அமெரிக்காவில் ஒன்றை 'டேபிள்' செய்தால் இப்போதைக்கு ஓரங்கட்டுவது, பிரிட்டனில் அதையே செய்தால் விவாதத்துக்கு எடுத்து வைப்பது. நேர் எதிர். கூட்டத்தில் பொறுப்பாளர் அந்தத் தலைப்புக்காகவே தம் மேலதிகாரியை அழைத்து வந்திருந்தார். எங்கள் பக்கம் ஒரு தாள்கூடத் தயாராக இல்லை. அப்போது விழுந்த மௌனத்துக்குப் பிறகு, அந்தக் குழுவுக்கு ஆபத்துகளைப் பற்றிக் கவலையே இல்லை என்ற பேச்சு மேலிடம் வரை போனது.

காரணம் தேடியது

மேலிடத்தில் முதலில் வந்த யோசனை, ஒருங்கிணைப்பாளரை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்புவது. அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால் பழைய கடிதங்களை எடுத்து இருவரும் உட்கார்ந்து படித்தோம். அந்த மதியம் அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டியது. "சார், இதில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை."

அதேதான். தவறாகப் படிக்கப்பட்ட வரிகள் எல்லாமே பள்ளிக்கூடச் சொற்களால் ஆனவை: தள்ளு, பின்னால், மேசை, பந்து. கடினமான சொல் வந்தால் அவர் நிற்பார், அகராதியைத் திறப்பார், சரியாகப் புரிந்துகொள்வார். எளிய சொல் வந்தால் நிற்கவே மாட்டார், எதற்கு நிற்க வேண்டும்? சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்வதாலும் இது தீராது. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளில் வல்லுநரான மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட, ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட அடிப்படைப் பட்டியலில் தொடங்கி இன்று வரை கற்போருக்கான பட்டியல்கள் தனிச்சொல் எத்தனை முறை வருகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் கட்டப்பட்டவை. 'புஷ்', 'பேக்', 'டேபிள்' எல்லாமே அந்த அடிப்படைக்குள் அடங்கிய சொற்கள். பட்டியலை முழுக்கத் தேறியவருக்கும் அவை சேர்ந்து நிற்கும்போது வரும் பொருள் அங்கே கிடைக்காது.

இது குழுவில் மற்றவர்களுக்குப் புரிய ஒரே ஓர் உதாரணம் போதுமானதாக இருந்தது. பணம் கேட்டேன், கையை விரித்துவிட்டார் என்கிறோம். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த ஒருவருக்குக் கையும் தெரியும், விரிப்பதும் தெரியும். அவர் விரித்த கையில் பணம் இருந்தது என்றுகூட நினைக்கலாம்.

வணிகச் சொற்களிலும் இதே வகை பொறிகள் இருப்பதை அந்தக் கடிதங்களிலேயே கண்டோம், நல்லவேளையாக அவற்றில் சேதம் வரவில்லை. 'அவுட்ஸ்டாண்டிங் இன்வாய்ஸ்' என்றால் பிரமாதமான பில் இல்லை, இன்னும் பணம் வராத பில். கணக்குத் துறையில் 'மெட்டீரியல்' என்றால் பொருளுமில்லை, துணியுமில்லை, முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு முக்கியமானது. 'டர்ன்ஓவர்' பிரிட்டனில் நிறுவனத்தின் மொத்த விற்பனை வருமானத்தைக் குறிக்கும், அமெரிக்கர் அதைச் சொன்னால் பெரும்பாலும் ஆட்கள் வேலையை விட்டுப் போய்ப் புதியவர்கள் வருவதைப் பற்றிப் பேசுகிறார். 'ஓவர்சைட்' ஒரே நாட்டில், ஒரே ஆள் வாயில் மேற்பார்வையாகவும் இருக்கும், கவனக்குறைவாகவும் இருக்கும்.

இன்னொன்றும் தெளிவானது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் பற்றிய தம் நினைவு நூலில் வின்ஸ்டன் சர்ச்சில் இதே 'டேபிள்' பற்றி எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் தளபதிகள் ஓர் அவசர அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள், அமெரிக்கத் தளபதிகள் அது கூடாது என்றார்கள், காரசாரமாக நெடுநேரம் வாதாடிய பிறகுதான் இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று தெரிந்தது. இதைப் படித்துக் காட்டியபோது ஒருங்கிணைப்பாளரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை தம் படிப்பில்தான் ஏதோ ஓட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணத்தைப் போக்குவதே முதல் வேலை என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் வெட்கப்படுகிறவர் கேள்வி கேட்கமாட்டார், கேள்வி கேட்காதவரையில் இது தீராது.

எடுத்த முடிவுகள்

வகுப்புக்கு அனுப்பவில்லை. அங்கே சொல்லித் தருவது அவருக்கு ஏற்கெனவே வரும். 'ஆயிரம் மரபுத்தொடர்கள்' மாதிரியான தொகுப்பை வாங்கி உருப்போடுவதையும் வேண்டாம் என்றோம். 'டேபிள்' விஷயத்தில் அவரைக் கவிழ்த்ததே கற்று வைத்திருந்த பொருள்தான்.

அதற்குப் பதிலாக, எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பழகுவது என்று முடிவு செய்தோம். இரண்டு அடையாளங்கள் போதும் என்று பட்டது. ஒன்று, பேச்சில் சம்பந்தமில்லாத ஒரு பொருள் திடீரென்று வந்தால் நில்: மென்பொருள் கடிதத்தில் மேசை எங்கிருந்து வந்தது, பந்து மைதானம் எதற்கு, எளிதில் முடிக்கக்கூடிய வேலையைச் சொல்லும் 'லோ-ஹேங்கிங் ஃப்ரூட்' என்ற தொடரில் பழம் ஏன் தாழத் தொங்குகிறது? இரண்டு, எளிய வினையோடு 'பேக்', 'ஆஃப்', 'அப்', 'அவுட்' போன்ற குட்டிச் சொல் ஒட்டி நின்றால் நில். நின்ற பிறகு வினையை மட்டும் தேடாமல் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும், அதுவும் ஆங்கிலம் கற்போருக்கான ஆங்கில அகராதியில். இருமொழி அகராதியில் 'புஷ்' என்று தேடினால் 'தள்ளு' என்றுதான் வரும், நாம் விழுந்த குழியே அதுதான்.

இதைவிட முக்கியமான முடிவு, புரிந்துகொண்டதைச் செயலாக மாற்றித் திருப்பி எழுதுவது. 'டேபிள்' என்றால் என்ன என்று கேட்க வேண்டாம். "தகவல் மாற்றத்தின் ஆபத்துகளை வரும் வியாழன் கூட்டத்தில் எடுத்துப் பேசுகிறோம், நாங்கள் ஸ்லைடுகளோடு வருகிறோம், சரிதானே?" என்று எழுதினால் போதும். பொருளை எப்படிப் புரிந்துகொண்டிருந்தாலும் தவறு உடனே வெளியே தெரியும், கேட்பவருக்கும் கூச்சம் இல்லை.

இந்த யோசனை விமானத் துறையிலிருந்து வந்தது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவின் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி உட்படக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, ஓடத் தொடங்கிவிட்ட விமானத்திலிருந்து தாங்கள் இப்போது 'அட் டேக்-ஆஃப்' என்று வந்த செய்தியை, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு, புறப்பாட்டு அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே சொல்லக்கூடாது என்று வானொலி உரையாடலின் விதி இறுகியது, கொடுத்த அனுமதியை விமானி முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் அழுத்தம் பெற்றது. எங்கள் வேலையில் உயிர் போகாது, ஆனாலும் குழப்பம் பிறக்கும் விதம் ஒன்றுதான்.

நாங்கள் எழுதும் கடிதங்களையும் திருத்தினோம். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980-களில் உருவான எளிமைப்படுத்தப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது அடிப்படை விதி, அங்கே 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும், விதியைக் கடைப்பிடிப்பதற்கு 'ஒபே' என்று எழுத வேண்டும். அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் 'ரிவர்ட்' போய் 'ரிப்ளை' வந்தது. 'டூ தி நீட்ஃபுல்' என்று எழுதுவதை நிறுத்தி, செய்ய வேண்டியது என்ன என்பதையே எழுதினோம். இந்தியாவுக்கு வெளியே பலருக்கும் புரியாத 'ப்ரீபோன்' போனது. வாரத்துக்கு இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா என்று யாருக்குமே உறுதியில்லாத 'பை-வீக்லி' போனது. தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதினோம், ஏனென்றால் 03/04 என்பது பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

வாடிக்கையாளரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சொன்னால் நம் ஆங்கிலத்தைச் சந்தேகிப்பார்கள் என்று மேலிடம் தயங்கியது. ஏற்கெனவே நம் அக்கறையையே சந்தேகிக்கிறார்களே, மொழியைச் சந்தேகித்தால் அது எவ்வளவோ மேல் என்றேன். கடைசியில் ஒருங்கிணைப்பாளரே பேசினார், நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பொறுப்பாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தம் அமெரிக்கச் சக ஊழியர்களோடு தமக்கும் அந்தச் சொல்லில் இப்படி ஆகியிருப்பதாகச் சொன்னார், இனித் தாமும் கவனமாக எழுதுவதாகச் சொன்னார்.

பின்னர் நடந்தது

தேதி விஷயத்தில் அதற்குப் பிறகு ஒரு குழப்பமும் வரவில்லை. ஆனால் ஆரம்பத்தில் உறுதிப்படுத்தும் கடிதங்கள் அளவுக்கு மீறிப் போயின, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிதானே என்று கேட்டால் யாருக்குத்தான் அலுக்காது? பொறுப்பாளர் பொறுமையாகவே அதைச் சுட்டிக்காட்டினார். பணம், தேதி, பொறுப்பு, ஏற்கெனவே முடிவானதில் மாற்றம் ஆகியவை வரும் இடங்களில் மட்டும் என்று குறைத்துக்கொண்டோம், அது நிலைத்தது.

குழுவுக்கென்று ஒரு பொதுக் குறிப்பேடு தொடங்கினோம். தொடரையும் பொருளையும் மட்டும் எழுதினால் பயனில்லை என்று ஆரம்பத்திலேயே தெரிந்தது. எந்த வாக்கியத்தில் வந்தது, சொன்னவர் எந்த நாட்டுக்காரர், அதைக் கேட்டு நாங்கள் என்ன செய்தோம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது நினைவில் நிற்கிறது. தொடர்கள் எங்கிருந்து பிறந்தன என்று தேடுவதில் சிலருக்கு ஆசை வந்தது. கிரிக்கெட்டிலிருந்து வந்த 'ஸ்டிக்கி விக்கெட்' (இக்கட்டான நிலை), 'ஹிட் ஃபார் சிக்ஸ்' (நிலைகுலைய வைப்பது) எல்லாம் எங்கள் ஆட்களுக்கு உடனே ஒட்டிக்கொண்டன, பேஸ்பாலிலிருந்து வந்த 'டச் பேஸ்' (சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசுவது), 'கர்வ்பால்' (எதிர்பாராத சிக்கல்) ஒட்டவே மறுத்தன. ஆனாலும் பிறப்பு தெரிந்தால்தான் பொருள் விளங்கும் என்று நான் நினைக்கவில்லை. 'டெட்லைன்' என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சிறை முகாம்களில் கைதி தாண்டினால் சுட்டுவிடும் கோடு. அதை அறியாமலேயே உலகம் முழுக்க எல்லோரும் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துகிறார்கள்.

நான் எதிர்பார்க்காத பலன் ஒன்று. ஒருங்கிணைப்பாளர் கூட்டங்களில் பேசத் தொடங்கினார். முன்பெல்லாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார், தவறாகப் புரிந்துகொண்டிருப்போமோ என்ற பயத்தை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். இப்போது பேச்சின் நடுவிலேயே "அப்படியென்றால் நாங்கள் இதைச் செய்கிறோம்" என்று சொல்லிச் சரிபார்த்துக்கொள்கிறார். பேச்சின் வேகத்தில் தவறிப்போவது இன்னும் உண்டு, அதற்கு அன்றே அனுப்பும் கூட்டக் குறிப்புதான் வலை.

இனி மாற்ற வேண்டியவை

புதிய வாடிக்கையாளரோடு வேலை தொடங்கும் முதல் வாரத்திலேயே திருப்பி எழுதும் பழக்கத்தையும் தொடங்கிவிட வேண்டும். நடுவில் தொடங்கினால் ஏதோ கோபத்தில் ஆதாரம் சேர்க்கிறார்கள் என்ற எண்ணம் வருகிறது, எங்களுக்கே கொஞ்சம் அப்படி ஆனது.

ஆள் எடுக்கும்போது ஆங்கிலத்தைச் சோதிக்கும் முறையையும் மாற்றியாக வேண்டும். இலக்கணத் தேர்வு இந்தச் சிக்கலைக் காட்டவே காட்டாது. அடையாளங்களை நீக்கிய பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்து, இதைப் படித்ததும் நாளைக் காலை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

கடிதப் போக்குவரத்தை ஒரே ஆள் கையில் விடக்கூடாது என்பதையும் சேர்க்கிறேன். இன்னொரு கண் படித்திருந்தால் 'புஷ் பேக்' அன்றே பிடிபட்டிருக்கலாம், குறைந்தபட்சம் இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருப்பார்கள், அந்த வேறுபாடே எச்சரிக்கையாக இருந்திருக்கும்.

தொனி மட்டும் இன்னும் தீராமல் இருக்கிறது. 'கொயட் குட்' என்று பிரிட்டனில் சொன்னால் பெரும்பாலும் பரவாயில்லை என்ற அளவுதான், அமெரிக்காவில் அதே சொல் மனமுவந்த பாராட்டு. பொறுப்பாளர் எங்கள் அறிக்கை ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்லி, சின்னச் சின்னத் திருத்தங்கள் சில இருப்பதாக எழுதி அனுப்பினார், இணைப்பைத் திறந்தால் பாதி அறிக்கை மாறியிருந்தது. இங்கே நிற்பதற்கு மேசையும் இல்லை, ஒட்டி நிற்கும் குட்டிச் சொல்லும் இல்லை. இப்போதைக்கு, பாராட்டு மாதிரி ஏதாவது வந்தால் "இதை இப்படியே அனுப்பிவிடலாமா, அல்லது நீங்கள் மாற்றச் சொல்லும் பகுதி ஏதாவது இருக்கிறதா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டுவிடுகிறார்.